பாம்புகளுக்குப் பெயர் வைத்த மனிதர்

(தோட்டத் தாய்மார் குழுவும் இளைஞர் குழுவும் சேர்ந்து நடத்திய சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சுகாதாரக் கூட்டம் என்றால் கொதித்தாறிய தண்ணீரைக் குடியுங்கள், மலசலகூடத்தைச் சுத்தமாக வையுங்கள், பிள்ளைக்கு நாள் தவறாமல் ஊசி போடுங்கள் என்றுதான் நாங்கள் வழக்கமாகச் சொல்வோம். அதெல்லாம் தேவையான விசயம்தான். ஆனால் இன்றைக்கு ஒரு மாற்றமாக, ஒரு மனிதருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசப்போகிறோம். அவர் நம்ம நாட்டுக்காரர் இல்லை, அமெரிக்கக்காரர். பெயர் கார்ல் ஷ்மிட். நாற்பது வருசத்துக்குக் கிட்ட நூதனசாலைகளில் பாம்பு, பல்லி, முதலை, ஆமை, தவளை இவற்றையே படித்தவர். கடைசியில் ஒரு சின்னப் பாம்பு கடித்து இறந்துபோனார். அவருடைய வேலையிலும் சாவிலும் மலையில் கொழுந்து பறிக்கிற நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கதை.

உங்களில் சில பேர் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் கொழும்பு நூதனசாலைக்குப் போயிருப்பீர்கள். கண்டி ராசாவுடைய சிம்மாசனத்தைப் பார்த்திருப்பீர்கள். நூதனசாலை என்றால் பழைய சாமானை வைத்துக் காட்டுகிற இடம் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் பெரிய நூதனசாலைகளில் நாம் பார்க்கிற மண்டபத்துக்குப் பின்னால் இன்னொரு பகுதி இருக்கிறது. அங்கே வரிசை வரிசையாகக் கண்ணாடிப் போத்தல்கள். ஒவ்வொரு போத்தலிலும் மதுசாரத்தில் ஊறிய ஒரு பாம்போ தவளையோ இருக்கும். அதன் உடம்பில் ஒரு துண்டு கட்டியிருக்கும். எந்த ஊரில், எந்தத் திகதியில், யார் பிடித்தது என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் துண்டு இல்லாவிட்டால் போத்தலில் இருப்பது வெறும் செத்த பாம்பு. துண்டு இருந்தால் அது நூறு வருசம் கழித்தும் பேசுகிற சாட்சி.

அந்தப் போத்தல்களுக்கு நடுவில் உட்கார்ந்து வேலை செய்கிற விஞ்ஞானி என்ன செய்கிறார்? செதில் எண்ணுகிறார். உடம்பின் நடுவில் எத்தனை வரிசை, வயிற்றில் எத்தனை தகடு, வாலுக்கடியில் எத்தனை, பல் எப்படி அமைந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுகிறார். ஒரே மாதிரித் தெரிகிற இரண்டு பாம்பு உண்மையில் ஒரே சாதியா, வேறு சாதியா என்று தீர்ப்புச் சொல்கிறார். புதிய சாதியாக இருந்தால் பெயர் வைக்கிறார். “இதுக்கெல்லாம் ஒரு சம்பளமா?” என்று கேட்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், அந்த வேலையின் அருமை பிறகு தெரியும்.

கார்ல் ஷ்மிட் 1890ஆம் ஆண்டு சிக்காகோ நகரத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பிறந்தார். தகப்பனார் ஜெர்மன் மொழி படிப்பித்தவர். 1907இல் குடும்பம் விஸ்கொன்சின் என்ற மாநிலத்தில் ஒரு பண்ணைக்குக் குடிபோனது. இளவயதில் அங்கேதான் பண்ணை வேலை. பல்கலைக்கழகத்துக்குப் போனது 1913இல். அப்போது வயது 23. இங்கே இருக்கிற தம்பிமார் இதைக் கவனிக்க வேண்டும். படிப்பு நடுவில் நின்றுபோனால் அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். மண்ணில் வேலை செய்த கையோடு 23 வயதில் படிக்கப் போனவர்தான் பின்னாளில் உலகம் மதிக்கிற விஞ்ஞானி ஆனார்.

1916இல் பட்டம் பெற்று, நியூயோர்க் நூதனசாலையில் ஊர்வனவும் ஈரூடகவாழிகளும் உள்ள பகுதியில் உதவியாளராகச் சேர்ந்தார். ஈரூடகவாழி என்றால் தண்ணீரிலும் தரையிலும் வாழ்கிற தவளை, தேரை வகை. அங்கே அவர் கைக்கு வந்த பெரிய வேலை ஆபிரிக்காவின் கொங்கோ நாட்டிலிருந்து வேறு ஆட்கள் பிடித்து அனுப்பிய உயிரினங்களைத் தரம் பிரிப்பது. அதைப் பற்றி 1919இலும் 1923இலும் பெரிய ஆய்வுகளை வெளியிட்டார். ஆபிரிக்கப் பாம்புகள் அவருக்குப் புதிது இல்லை என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

1922இல் சிக்காகோவின் பீல்ட் நூதனசாலைக்கு வந்தார். அங்கிருந்து ஹொண்டூராஸ், பிரேசில், குவாத்தமாலா என்று பல நாடுகளுக்கு உயிரினம் சேர்க்கப் போனார். 1928, 1929இல் கப்பலில் பசுபிக் சமுத்திரத் தீவுகளுக்குப் போனார். நியூகினித் தீவின் முதலைக்கு 1928இலும், பிலிப்பைன்ஸ் முதலைக்கு 1935இலும் விஞ்ஞானப் பெயர் வைத்தவர் இவர்தான். மொத்தமாக 200க்கு மேற்பட்ட உயிரினங்களுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். பவளப்பாம்பு என்கிற கொடிய விஷப்பாம்பு வகையில் அவரை மிஞ்சிய ஆள் அந்தக் காலத்தில் இல்லை என்றார்கள்.

அதே 1935இல் அவருக்குப் பெரிய இடி ஒன்றும் விழுந்தது. பண்ணை வீட்டில் தீப்பிடித்து, அவருடைய தாயாரும் தம்பியும் இறந்துபோனார்கள். லயத்தில் தீப்பிடித்து ஒரு நொடியில் எல்லாம் இழந்த குடும்பங்களைப் பார்த்தவர்கள் நாம். அந்த வேதனை என்னவென்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் துக்கத்தோடு வேலையையும் தொடர்ந்தார். 1941இல் அந்த நூதனசாலையின் விலங்கியல் பகுதி முழுவதற்கும் தலைவரானார். 1955இல் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றும் நூதனசாலைக்குப் போவதை நிறுத்தவில்லை.

இனி 1957 செப்டெம்பர் 25ஆம் திகதிக்கு வருவோம்.

சிக்காகோ மிருகக்காட்சிச்சாலையிலிருந்து ஒரு பாம்பை நூதனசாலைக்கு அனுப்பியிருந்தார்கள். இது என்ன பாம்பு என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். ஆபிரிக்கப் பாம்பு. நீளம் இரண்டரை அடி. குட்டி என்றே சொல்ல வேண்டும். பார்த்தால் பூம்ஸ்லாங் என்ற மரப்பாம்பு மாதிரி இருந்தது. ஆனால் மலவாயை மூடுகிற தகடு அந்தச் சாதிக்கு இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும். இதற்கு ஒரே தகடாக இருந்தது. மற்ற அடையாளமெல்லாம் பொருந்துகிறது, ஒன்று மட்டும் பொருந்தவில்லை. அதனால் அவர்களுக்குள் ஒரு சந்தேகம்.

ஷ்மிட் அந்தப் பாம்பைத் தன்னுடைய சக விஞ்ஞானியின் கையிலிருந்து வாங்கினார். பிடிக்க வேண்டிய முறையில் கவனமாகப் பிடிக்கவில்லை. பாம்பு உடனே இடது கைப் பெருவிரலில் கடித்துவிட்டது. பதிந்தது ஒரே ஒரு பல். அதுவும் 3 மில்லிமீற்றர் ஆழம்தான்.

நாகத்துக்கும் விரியனுக்கும் விஷப்பல் வாயின் முன்பக்கத்தில் இருக்கும். இந்தப் பாம்புக்கு விஷப்பல் பின்னால், கண்ணுக்கு நேர் கீழே இருக்கும். அப்படிப் பின்பல் உள்ள பாம்புகளால் மனிதருக்குப் பெரிய ஆபத்து இல்லை என்று அந்தக் காலத்தில் விஞ்ஞானிகளே பரவலாக நினைத்தார்கள். பாம்பும் சின்னது, பதிந்ததும் ஒரு பல். ஒன்றும் ஆகாது என்று அவரும் கூட இருந்தவர்களும் எண்ணினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வழக்கம்போல ரயில் ஏறி வீட்டுக்குப் போனார்.

போகிற வழியிலேயே தன் உடம்பில் நடப்பதை மணி போட்டு எழுத ஆரம்பித்தார். விஞ்ஞானி அல்லவா! மாலை 4.30க்குப் பிறகு பலத்த குமட்டல். 5.30க்குப் பிறகு குளிரும் நடுக்கமும், 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல். பல் ஈறுகளில் இரத்தம் கசிந்தது. இரவில் பாலில் ஊறிய பாண் இரண்டு துண்டு சாப்பிட்டுப் படுத்தார். நடு இரவில் சிறுநீரோடு இரத்தம் போனது. விடியப் புறத்தில் தண்ணீர் குடித்து வாந்தி எடுத்தார். பிறகு கொஞ்சம் நித்திரை.

26ஆம் திகதி காலையில் எழும்பினார். காய்ச்சல் இல்லை. முட்டையும் பாணும் சாப்பிட்டுக் கோப்பி குடித்தார். மூக்கிலும் வாயிலும் இரத்தக் கசிவு மட்டும் நிற்கவில்லை. ஆனாலும் சுகம் வந்துவிட்டது போல இருந்தது. நூதனசாலைக்குப் போன் பண்ணி, நாளைக்கு வேலைக்கு வருவேன் என்று சொன்னார். சாகப்போகிறோம் என்று நினைக்கிற மனிதர் அப்படிச் சொல்ல மாட்டார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வாந்தி வந்தது. மூச்சு வாங்க முடியாமல் போனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மூன்று மணி போல உயிர் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். கடிபட்டு ஒரு முழு நாள்தான். வயது 67. உடம்பை அறுத்துப் பார்த்தபோது நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் மூளையிலும் உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசிந்திருந்தது.

தாய்மார்களே, இந்த இடத்தில் ஒரு விசயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். காலையில் சுகம் போல இருந்தவர் மத்தியானம் எப்படிச் செத்தார்?

நமக்குக் கத்தி பட்டால் இரத்தம் வருகிறது, கொஞ்ச நேரத்தில் உறைந்து நிற்கிறது. உறைய வைக்கிற சத்து இரத்தத்திலேயே இருக்கிறது. இந்த மாதிரி விஷம் அந்தச் சத்தை வீணாகச் செலவழித்துவிடும். சம்பளத்துக்கு முதலே முற்பணம் எடுத்து, முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டால் மாதக் கடைசியில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் கையில் சதம் இருக்காது. அப்படித்தான் இதுவும். வெளியில் ஆள் நடந்து திரிவார், பேசுவார், சாப்பிடுவார். உள்ளே இரத்தம் உறைகிற சக்தி தீர்ந்துபோயிருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. நாமாகப் பார்த்து “இவருக்கு ஒண்ணுமில்ல” என்று சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியில் அதை அறிய ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. கொஞ்சம் இரத்தம் எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் ஆட்டாமல் வைப்பார்கள். பிறகு சரித்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் ஒரு நிலை, தண்ணீர் மாதிரி ஓடினால் இன்னொரு நிலை. ஒரு தடவை சரியாக இருந்தாலும் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். “வெறும் கடிக்கு ஒரு நாள் வாட்டில் வைத்துவிட்டார்களே, ஒரு நாள் பெயர் போச்சே” என்று நம்மில் பல பேர் முணுமுணுக்கிறோம், சிலர் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிடுகிறோம். அந்த ஒரு நாளுக்குள்தான் கார்ல் ஷ்மிட் போனார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அவருடைய குறிப்புகளை வீணாக விடவில்லை. சக விஞ்ஞானி ஒருவர் 1958இல் அவற்றை ஓர் ஆய்வுச் சஞ்சிகையில் வெளியிட்டார். பின்பல் பாம்பைச் சாதாரணமாக எண்ணக்கூடாது என்று அதற்குப் பிறகு உலகம் உணர்ந்தது. அப்படியிருந்தும் 1975இல் ஜெர்மனியில் றொபர்ட் மேர்டன்ஸ் என்ற நூதனசாலை விஞ்ஞானி, தான் வளர்த்த இன்னொரு பின்பல் பாம்பு கடித்து இறந்தார். 2001இல் ஜோ ஸ்லோவின்ஸ்கி என்ற அமெரிக்க நூதனசாலை விஞ்ஞானி மியன்மார் நாட்டின் வடக்குக் காட்டில் ஒரு சின்னக் கட்டுவிரியன் கடித்து மறுநாள் இறந்தார். விஷமில்லாத ஒரு பாம்பும் கட்டுவிரியனும் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்ததால் வந்த வினை அது. பாம்பையே படித்தவர்களுக்கு இந்தக் கதி என்றால், மழை இருட்டில் டோர்ச் இல்லாமல் நடக்கிற நாம் பாம்பைப் பார்த்த மாத்திரத்தில் “இது விஷமில்லாதது” என்று தீர்ப்புச் சொல்லலாமா?

இனி நம்ம மலைக்கு வருவோம்.

சருகுக்குள்ளே கிடக்கிற, மூக்கு மேல்நோக்கி நிமிர்ந்த, ஒரு முழம் நீளம்கூட வராத ஒரு சின்ன விரியன் இருக்கிறது. சிங்களத்தில் குணகட்டுவா, பொலன் தெலிஸ்ஸா என்பார்கள். இலங்கையில் ஆட்களை அதிகமாகக் கடிக்கிற விஷப்பாம்பு இதுதான். புல் வெட்டும்போது, கான் துப்புரவாக்கும்போது, விறகு பொறுக்கும்போது, பொழுதுபட்ட பிறகு வெறுங்காலோடு நடக்கும்போது கையிலோ காலிலோ கடித்துவிடும். சின்னதுதானே என்று மஞ்சள் பூசிவிட்டு அடுத்த நாள் பெரட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. பல பேருக்கு வலியோடும் வீக்கத்தோடும் போய்விடும். ஆனால் சிலருக்கு இரத்தம் உறையாமல் போகிறது, சிறுநீரகம் பழுதாகிறது, உயிரும் போயிருக்கிறது.

நூதனசாலைக்காரர் செதில் எண்ணுகிற வேலை நமக்கு எதற்கு என்ற கேள்விக்கு இங்கேதான் பதில். நம்ம ஆஸ்பத்திரிகளில் பாவித்து வருகிற இந்திய விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளின் விஷத்தை வைத்துச் செய்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நான்கும்தான். இந்தச் சின்ன விரியனின் விஷத்துக்கு அந்த மருந்து வேலை செய்யாது. அதனால் எது கடித்தது என்று வைத்தியர் சரியாக அறிந்தால்தான் வீணாக ஊசி போட்டு ஒவ்வாமையை வரவழைக்காமல், கூட வைத்திருந்து கவனித்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம். இதை ஒரே சாதி என்று எண்ணவும் முடியாது. 2009இல் வெளியான ஆய்வில், இலங்கையில் இந்த வகையில் மூன்று சாதி இருப்பதாகத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். அதில் ஒன்று மலைநாட்டுக்கே உரியது. போத்தலில் இருந்த பாம்புகளையும் பழைய துண்டுகளையும் பார்த்துத்தான் இப்படிப் பிரிக்க முடிகிறது. வைத்தியர் கையில் இருக்கிற அறிவுக்குப் பின்னால் பெயர் தெரியாத எத்தனையோ பேரின் பொறுமையான வேலை இருக்கிறது.

அப்படியானால் நாம் என்ன செய்ய வேண்டும்? கடிபட்டவரைப் பதறாமல் உட்கார வையுங்கள். ஓடவோ நடக்கவோ விட வேண்டாம். மோதிரம், வளையல், கொலுசு, இறுக்கமான உடுப்பைக் கழற்றுங்கள், வீக்கம் வந்தால் பிறகு கழற்ற முடியாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வையுங்கள். கயிறு போட்டு இறுக்கிக் கட்டக்கூடாது. பிளேட்டால் கீறக்கூடாது. வாயால் உறிஞ்சக்கூடாது. சாராயமும் வேண்டாம், அஸ்பிரினும் வேண்டாம். எத்தனை மணிக்குக் கடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அழையுங்கள், காசு இல்லை. அது வரச் சுணங்கினால் தோட்டத்து லொறியோ ஓட்டோவோ எது கிடைத்தாலும் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

பாம்பைத் துரத்திப் பிடிக்கப் போக வேண்டாம், இரண்டாவது ஆளும் கடிபடுவார். தூரத்தில் நின்று போனில் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால் விடுங்கள், வைத்தியர் அறிகுறியைப் பார்த்து வைத்தியம் செய்வார். ஏற்கெனவே அடித்துப்போட்ட பாம்பு என்றாலும் வெறுங்கையால் தொட வேண்டாம்.

நம்ம பெரியவர்கள் மந்திரித்துப் பார்ப்பதையும் விஷக்கடி வைத்தியரிடம் போவதையும் நாங்கள் கேலி செய்யவில்லை. அது மனதுக்குத் தைரியம் கொடுக்கலாம். ஆனால் சாமி கும்பிடுவதை லொறியில் போகும்போதே கும்பிடலாம். முதலில் ஆஸ்பத்திரிக்கு வழியைப் பாருங்கள்.

வருமுன் காப்பதும் நம்ம கையில் இருக்கிறது. இருட்டில் டோர்ச் இல்லாமல் வெளியே போக வேண்டாம். கான் வெட்டும்போது, சருகு அள்ளும்போது சப்பாத்துப் போடுங்கள். கொடுத்த பூட்ஸைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதில் பலன் இல்லை. சருகுக்குள் கையை விடுமுன் தடியால் தட்டுங்கள். லயத்துச் சுவரோரத்தில் விறகையும் குப்பையையும் குவிக்க வேண்டாம். எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும்.

கடைசியாக ஒரு வார்த்தை. கார்ல் ஷ்மிட் பாம்பை வெறுத்த மனிதர் இல்லை. அவர் சேர்த்த புத்தகங்கள் பீல்ட் நூதனசாலையில் அவர் பெயரிலேயே நூல்நிலையமாக இருக்கின்றன. அவர் பெயர் வைத்த உயிரினங்கள் அந்தப் பெயரோடு வாழ்கின்றன. கண்ட இடத்தில் எல்லாப் பாம்பையும் அடித்துக் கொல்வது வீரம் இல்லை, எலியைப் பிடிக்கிற பாம்பும் நமக்கு உதவிதான். அது போகட்டும், நாமும் விலகிப் போவோம். ஆனால் கடித்துவிட்டால் மட்டும் அது சின்னதா பெரியதா, ஒரு பல்லா இரண்டு பல்லா, வலிக்கிறதா இல்லையா என்று கணக்குப் பார்க்க வேண்டாம். உலகத்தில் அந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்த ஒருவருக்கே அது பிழைத்துவிட்டது. மணிக்கூட்டைப் பாருங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள், போக விடுங்கள் என்று வைத்தியர் சொல்லும்வரை அங்கேயே இருங்கள்.

இதைக் கேட்டவர்கள் இன்று வராத பக்கத்துக் காம்பராக்காரருக்கும் சொல்லுங்கள்.